அப்பாவின் ஆள்காட்டி விரல்

பாஸ்டர் நீட்டிய கிண்ணத்தில் எண்ணெய் இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தார். பிறகு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டார், மிட்டாய் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல.

“இந்த விரலு வேணாம் பாஸ்டர்.”

ஒலிவாங்கி அணைக்கப்படாமல் இருந்தது. அவர் முணுமுணுத்தது பின்வரிசை வரை கேட்டது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கைக்குழந்தையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் நாளில், அந்த வீட்டின் மூத்தவர் ஒலிவ எண்ணெயில் விரலைத் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் வைப்பார். பிறகு பாஸ்டர் ஜெபிப்பார். அரை நிமிட வேலை. அன்று முன்னால் நின்றது என் தம்பி, அவன் மனைவி விமலா, விமலாவின் கையில் வெள்ளைக் கவுன் போட்ட ஐந்து மாத அம்மு. வீட்டின் மூத்தவர் அப்பா.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில், சிரம்பானில் என்னோடு இரத்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் தோழிகள் இரண்டு பேர். நான்தான் அழைத்திருந்தேன். அதுவரை எல்லாம் நான் போட்ட திட்டப்படியே நடந்திருந்தது. இது மட்டும் திட்டத்தில் இல்லை.

என் பல்கலைக்கழக விடுதி நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, “உங்கள் குடும்பத்தில் எல்லாருமே நல்லவர்களாக இருக்கிறார்கள், கொடுத்துவைத்தவர் நீங்கள்” என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அன்போடு எழுதிய வரிதான். ஆனால் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் வகுப்பறைகளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதுகிறேன்.

ஆயாக் கொட்டகை

மலேசியாவில், கெமாஸ் போகும் பாதையில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கேதான் பிறந்தோம். பிறகு ரப்பர் மரங்கள் போய், எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசத்துக்காரர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். நாங்களும் ராசாவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆனாலும் ஞாயிறு காலை எல்லாரும் அங்கே திரும்பி வருவோம். எங்கள் சபை கூடுவது பழைய ஆயாக் கொட்டகையில்.

விடியும்போது வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் கொட்டகை அது. ஆயா ஒருவர் பார்த்துக்கொள்வார். உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு சாரோங் தொட்டில், கைலித் துணியில் கட்டியது. கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. சிலவற்றில் மின்விசிறி தொங்குகிறது. சிலவற்றில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள். இறக்கிவைக்க யாருக்கும் ஞாபகம் வராததால் அவை ஜூன் வரைக்கும் ஆடிக்கொண்டிருக்கும்.

நான் சன்னலோரக் கொக்கியில் தொங்கியவள் என்று அம்மா சொல்வார். தம்பியின் கொக்கி, இப்போது ஒலிவாங்கி நிற்கும் இடத்துக்கு நேர் மேலே.

மதியத்துக்குப் பிறகு அப்பாவின் வேலை முடிந்துவிடும். அவர் செம்பனைக் குலை வெட்டுபவர். அம்மாவுக்கு உதிரிப் பழம் பொறுக்கும் வேலை, முடிய நேரமாகும். ஆகவே தம்பியைத் தொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டு போவது அப்பாவின் பொறுப்பு. நேராக வீட்டுக்குப் போகமாட்டார். கொட்டகைக்குப் பின்னால், ஒரு பீடி பிடித்து முடிக்கும் தூரத்தில், தோட்டத்துக் கள்ளுக்கடை.

இடுப்பில் பிள்ளை, கையில் கள்ளுக் கோப்பை. மேலே நுரை. அப்பா ஆள்காட்டி விரலை நுரையில் தொட்டுத் தம்பியின் உதட்டில் வைப்பாராம். அவன் சப்புக்கொட்டுவானாம். சுற்றி இருப்பவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்களாம். “இன்னொரு சொட்டு வை முனியாண்டி, புள்ள கேக்குது பாரு!” கள் உடம்புச் சூட்டைத் தணிக்கும், புள்ளைக்கு நல்லது என்று அன்றைக்குத் தோட்டத்தில் எல்லாரும் நம்பினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

எனக்கு அப்படி வைத்ததில்லை. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?” என்பாராம்.

இது எங்கள் வீட்டின் வேடிக்கைக் கதை. கல்யாண வீடுகளில், வருடப் பிறப்பில், சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் யாராவது ஆரம்பிப்பார்கள். “பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே கள்ளு குடிச்சவன் லா இவன்!” தம்பி வெட்கத்தோடு சிரிப்பான். பத்து வயதில் சிரித்தான். பதினைந்தில் கொஞ்சம் பெருமையோடு சிரித்தான். கதையை நானும் சொல்லியிருக்கிறேன், அப்பா மாதிரியே விரலை நீட்டிக் காட்டி.

சிராப் தண்ணீர்

கள்ளுக்கடை மூடப்பட்ட பிறகு அப்பா சம்சுவுக்கு, அதாவது மலிவுச் சாராயத்துக்கு மாறினார். சின்னப் பாட்டில், கை அடக்கமாக இருக்கும். குளியலறைத் தகரத்துக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்கு அடியில் ஒளித்துவைப்பார், ஒரு முறை என் பள்ளிக் காலணிக்குள். காலணியில் கால் விட்டபோது அது இடறியது. அப்போது ஐந்தாம் படிவத்தில், பதினேழு வயதில் இருந்தேன்.

அதே வருடம், பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், அப்பா பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்து லோங்காங்கில், அதாவது பெரிய சாக்கடையில், கிடந்தார். பேருந்தில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். நான் பேருந்தில் ஏறிவிட்டேன். இறங்கவில்லை. அன்று வரலாற்றுத் தாள். நன்றாக எழுதினேன்.

அப்பாவைத் தூக்கியவர் பாஸ்டர். அவரும் தோட்டத்து ஆள்தான், டிராக்டர் ஓட்டியவர், ஒரு காலத்தில் அப்பாவோடு ஒரே பெஞ்சில் குடித்தவர். அப்பாவைத் தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, விழாமல் இருக்க இருவரையும் ஒரே சாரோங்கால் இடுப்போடு கட்டிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் இருக்கும் ஹோமுக்குக் கொண்டுபோனார். குடியை விட வருபவர்களைச் சேர்த்துக்கொள்ளும் சிறிய கிறிஸ்தவ இல்லம் அது. எல்லாரும் ஹோம் என்றே சொல்வோம். அப்பாவின் துணிகளை என் நீல நிற விளையாட்டுப் பையில் போட்டு அம்மா கொடுத்தார். கட்டிக்கொண்டு போன இருவரையும் பார்த்து லயமே சிரித்தது. “புது மாப்பிள்ளையும் பொண்ணும் போறாங்க பாரு!”

ஏழு மாதம் கழித்து அப்பா வந்தார். கன்னம் உப்பியிருந்தது. கை நடுங்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்தபோது, “பேர மாத்தணுமா?” என்று கேட்டாராம். “ஆளு மாறுனா போதும் அண்ணே, பேரு கெடக்கட்டும்” என்றாராம் பாஸ்டர். அதனால் எங்கள் அப்பா சபையிலும் முனியாண்டிதான்.

எங்கள் திருவிருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பத்தோடு தரப்படும் சின்னக் கோப்பையில் இருப்பது திராட்சை ரசம் கிடையாது. ரோஜா நிறச் சிராப்பில் தண்ணீர் கலந்தது, கல்யாண வீடுகளில் வாளியில் கரைப்பார்களே அது. ஒரு முறை வெளியூரிலிருந்து பிரசங்கிக்க வந்த பெரியவர் ஒருவர் வாயில் வைத்ததும் திடுக்கிட்டுப் போனார். ஆராதனை முடிந்ததும் பாஸ்டரை ஓரமாக அழைத்துக் கேட்டார். பாஸ்டர் சொன்னது எனக்கு மனப்பாடம்.

“ஐயா, எங்க சபையில பதினேழு ஆம்பளைங்க. அதுல பதினாலு பேருக்கு வாசம் பட்டாலே காலு தானா வெளிய போயிடும். ஆண்டவருக்கு எங்கள தெரியும். சிராப்பும் தெரியும்.”

எனக்கு விசுவாசம் என்று ஒன்று வந்தது அந்தச் சிராப் கோப்பையில்தான். படித்த பிறகு எத்தனையோ கேள்விகள் வந்தன, சிலவற்றுக்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் பதினாலு பேரின் பலவீனத்துக்காக ஒரு பந்தியே தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும் என்றால், அந்தப் பந்தியில் உட்காரலாம் என்று தோன்றியது.

நான் எழுதிய தாள்

அப்பா குடியை விட்ட நாளைச் சபை வருடந்தோறும் நினைவுகூரும். அன்று அவர் முன்னால் நின்று சாட்சி சொல்வார். தன் பழைய வாழ்க்கையையும் ஆண்டவர் அதை மாற்றியதையும் தன் வாயால் சொல்வதுதான் சாட்சி.

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே சாட்சியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்பா சொல்வார், நான் எழுதுவேன். பெரிய எழுத்தில், ஒவ்வொரு வரிக்கும் இடைவெளி விட்டு. அவர் ஒரு வாரம் உட்கார்ந்து மனப்பாடம் செய்வார்.

முதல் வருடம் ஐந்து பக்கம் வந்தது. வருடத்துக்கு வருடம் சுருங்கியது. நன்றாகச் சுருக்கத் தெரியும் எனக்கு, படித்தவள் அல்லவா. லோங்காங் போயிற்று. அம்மாவின் உடைந்த முன்பல் போயிற்று. ஹோமிலிருந்து வந்த இரண்டாவது வருடம் அப்பா மூன்று நாள் வழுக்கி விழுந்து, பிறகு எழுந்தது போயிற்று. பத்தாவது வருடத்துத் தாள் ஒரே பக்கம். “கர்த்தர் எனக்கு ஒரு மகளைக் கொடுத்து, அவளைப் பட்டதாரியாக்கி, என் தலையை உயர்த்தினார்” என்று முடியும். அந்த வரியை நானே யோசித்து எழுதினேன். அப்பா அதையும் மனப்பாடம் செய்தார்.

அந்தப் பத்தாவது வருடம்தான் அம்முவின் ஒப்புக்கொடுத்தலும் சேர்ந்து வந்தது.

தம்பி குடிக்க ஆரம்பித்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. லாரியில் கெலிண்டானாக, சாமான் ஏற்றி இறக்கும் ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். அந்த வேலையும் போய்விட்டது. கேட்டால், “பீருதானே லா. நான் என்ன சம்சுவா குடிக்கிறேன்?” என்பான். அவன் கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன், மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் இரத்தக் குழாயைச் சுழற்றி எடுத்தால் சிவப்பு கீழே தங்கி மேலே தெளிந்த நீர் நிற்கும். நல்ல உடம்பில் அது வெளிர்ந்த வைக்கோல் நிறம். ஈரல் கெட்டவர்களுக்குக் கறுத்த தேநீர். நாள் முழுக்க அந்த நிறங்களைப் பார்ப்பவள் நான். தம்பியின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை விமலா சமையலறையில் பால் புட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள், குரலை உயர்த்தாமல்.

“அண்ணி, ஞாயித்துக்கெழம புள்ளைக்கு ஜெபம் முடியட்டும். திங்கக்கெழம அவரு ஹோமுக்குப் போகணும். போகலன்னா நான் கெமாஸுக்கு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். கோவிச்சிக்கிட்டுப் போறது இல்ல. திரும்பி வரமாட்டேன். எம் புள்ள இதப் பாத்துக்கிட்டு வளரக்கூடாது.”

அவள் சொன்னால் செய்வாள். நான் போய்த் தம்பியிடம் சண்டை போட்டேன்.

“நானும் அதே வீட்டுலதானே வளந்தேன்? நான் குடிச்சேனா? நெனச்சா முடியும்டா.”

அவன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ நெனப்ப அக்கா. நீ படிச்சவ.”

நான் திரும்பி நடந்தபோது முதுகுக்குப் பின்னால் கேட்டான், “மொத சொட்டு யாரு வெச்சது?”

ஞாயிறு அப்பா சாட்சியை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். ‘பட்டதாரியாக்கி’ என்ற இடத்தில் என் தோழி என் முழங்கையை மெல்லத் தட்டினாள். எனக்குக் கண் கலங்கியது. எழுதியவளே கலங்கினேன்.

அதன் பிறகுதான் எண்ணெய்க் கிண்ணம்.

“என்ன அண்ணே, விரல்ல அடிபட்டிருக்கா? வேற விரல்ல வைங்க” என்றார் பாஸ்டர்.

“அடி இல்ல.” அப்பா அண்ணாந்து பார்த்தார். “இந்தக் கொக்கியிலதான் பாஸ்டர் இவன் தொட்டிலு தொங்கும். வேல முடிஞ்சி வந்து தூக்குவேன். தூக்கிக்கிட்டு நேரா எங்க போவேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களும் இருந்தீங்க.”

பாஸ்டர் தலையாட்டினார். சிரிப்பு வரும் என்று சிலர் தயாரானதைப் பார்த்தேன். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியுமே. பின்னால் யாரோ சிரிக்கவும் செய்தார்.

“சிரிக்காத தம்பி” என்றார் அப்பா, கோபமில்லாமல். “நானும் சிரிச்சேன். இருவத்தஞ்சி வருசமா சிரிக்கிறோம். பத்து வருசமா இங்க நின்னு சாட்சி சொல்றேன், இத ஒரு தடவகூட சொன்னதில்ல. இது பாவம்னே தோணல எனக்கு. வெளயாட்டுன்னு வெச்சிக்கிட்டோம்.”

மறைத்த கையை முன்னால் கொண்டுவந்தார். விரல் லேசாக வளைந்திருந்தது, குலை வெட்டி வெட்டிக் காய்த்திருந்தது.

“எம் மவன் இப்ப குடிக்கிறான். உங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயத் தொறக்கறதில்ல. மொத சொட்டு யாரு வெச்சதுன்னு ஒருத்தன் சொல்லணும்ல? நான்தான் வெச்சேன். இதே விரலு. இப்ப இதுல எண்ணெயத் தொட்டு அவம் புள்ளைக்கு வெக்கச் சொல்றீங்க. கை வரல பாஸ்டர்.”

வலப்பக்கம் இருந்த ஒரு மூதாட்டி பழக்கதோஷத்தில் “ஆமென்” என்றுவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் என்று எழுத ஆசைதான். வந்தது வெட்கம். கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த என் தோழி மெதுவாக அதைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்திய விதம் எனக்கு அப்பாவின் சொல்லைவிட அதிகமாக வலித்தது. நான் ஒரே பக்கத்துக்குச் சுருக்கிவைத்த குடும்பம் ஒரு நிமிடத்தில் பழைய அளவுக்கு விரிந்துவிட்டது.

தம்பி யாரையும் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனான்.

ரம்புத்தான் மரத்தடியில்

கொட்டகைக்கு வெளியே ஒரு ரம்புத்தான் மரம். அதன் அடியில் அவன் மோட்டார். அதன்மேல் குறுக்காக உட்கார்ந்திருந்தான். சாவி கையில். அந்தச் சாவியைப் போட்டுத் திருகினால் அவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியும். மறுநாள் விமலா எங்கே போவாள் என்றும் தெரியும்.

“அப்பா சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாது” என்றேன். “நான் எழுதல அத.”

“தெரியும். நீ எழுதியிருந்தா நல்லா வந்திருக்கும்.” சாவியை விரலில் சுற்றினான். “ஒண்ணு கேக்கட்டுமா அக்கா? நீ எழுதுன பேப்பருல நான் எங்க இருந்தேன்?”

பதிலுக்குக் காத்திராமல் அவனே தொடர்ந்தான்.

“ஒரு மகளைக் கொடுத்துன்னு எழுதுன. ஒவ்வொரு வருசமும் எங்கயாச்சும் வருவேன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். மொத வருசம் நாலாவது பக்கத்துல வந்தேன். அப்புறம் ஒரு வரியில. இப்ப அதும் இல்ல. அப்பாவுக்கு ஒரே புள்ளையா?”

“உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்டா எடுத்தேன்.”

“எனக்கா, உனக்கா?” அவன் சிரித்தான். வேடிக்கைக் கதைக்குச் சிரிப்பானே, அதே சிரிப்பு. “நெனச்சா முடியும்னு சொன்ன அன்னிக்கி. உன் ஒதட்டுல யாரும் வெக்கல அக்கா. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு விட்டாங்க. அதுல தப்பிச்ச. அத உன் கெட்டிக்காரத்தனம்னு நெனச்சிக்கிட்டிருக்க.”

பேருந்திலிருந்து இறங்காத அந்தக் காலை எனக்கு நினைவுக்கு வந்தது. படித்தேன், கண் விழித்தேன், கஷ்டப்பட்டேன், அதெல்லாம் பொய்யில்லை. என் பெருமையில் பாதியாவது நியாயமானதுதான். ஆனால் அப்பா என்னைத் தொடாமல் விட்டது என்மேல் உள்ள அக்கறையால் அல்ல. ஒரு அலட்சியத்தின் நிழலில் நின்று நான் தப்பித்திருக்கிறேன். அவன் ஒரு செல்லத்தின் கீழே நின்று நனைந்திருக்கிறான்.

இதை நான் அன்று அவனிடம் சொல்லவில்லை. “ஆமா” என்று மட்டும் சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். எங்கள் இருபத்தைந்து வருடச் சண்டைகளில் நான் ‘ஆமா’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அப்பா வந்தார். பின்னால் விமலா, தோளில் அம்மு. பாஸ்டர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இப்ப என்ன?” என்றான் தம்பி அப்பாவிடம். “உங்க தப்புன்னு எல்லாருக்கும் சொல்லிட்டீங்க. அப்ப நான் ஹோமுக்குப் போக வேணாம்ல? நீங்களே திரும்பப் போங்க.”

அப்பா அதற்குக் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

“போகச் சொன்னா போறேன்டா. ஆனா மொத சொட்டுதான் என்னோடது. நேத்து குடிச்சது உன்னோடது. அத என்னால குடுத்துட்டு வர முடியாது.”

மரத்திலிருந்து ஒரு அணில் இறங்கி, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறியது. விமலா அம்முவை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். சொல்ல வேண்டியதை அவள் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள். அம்மு தாயின் தோளில் எச்சில் வழிய, தம்பியின் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கையை நீட்டியது.

தம்பி சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதை அம்முவின் விரல்களுக்குள் கொடுத்தான்.

“அந்த நீலப் பை இருக்கா?” என்று கேட்டான்.

“இருக்கு” என்றார் அப்பா. “ஜிப்பு போயிடுச்சி.”

“பத்து வருசமா ஒரு ஜிப்பு மாத்தல லா நீங்க!”

“நான் ஊக்கு குத்தித் தாரேன்” என்றாள் விமலா. அவ்வளவு நேரம் அழாதவள் ஊக்கைப் பற்றிச் சொல்லும்போது அழுதாள்.

பாஸ்டர் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். “இத என்ன செய்யறது?”

“இருக்கட்டும் பாஸ்டர்” என்றான் தம்பி. “நான் வந்து வெக்கிறேன்.”

மூத்தவர் வைப்பதுதான் வழக்கம். பாஸ்டர் வழக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. குழந்தைக்கு ஜெபம் மட்டும் செய்தார். எண்ணெயை ஒரு காலி ஜாம் புட்டியில் ஊற்றி மூடி, சபை அலமாரியில் சிராப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பதினோராம் நாள்

திங்கட்கிழமை போனான். இங்கேயே முடித்திருந்தால் அழகாக இருக்கும். என் பழைய கை அப்படித்தான் சுருக்கியிருக்கும்.

பதினோராம் நாள் ஓடிவந்துவிட்டான். மதியம், பேருந்து ஏறி ராசாவுக்கு. அப்பா பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலை பார்க்கிறார். காவல் முறை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஊக்கு குத்திய பையோடு தம்பி. அம்மா இன்னொரு தட்டு வைத்தார். கருவாட்டுக் குழம்பு. விமலா அறைக்குள் போய் அம்முவின் துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். மடிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. தம்பிக்கும் கேட்டிருக்க வேண்டும். அப்பா தன் மீனில் பாதியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தார், அந்த விரல்களாலேயே. தம்பி சாப்பிட்டான்.

மறுநாள் காலை அவனாகவே எழுந்து, அவனாகவே பேருந்து ஏறிப் போனான். மூன்று மாதம் ஆகிறது. இதுவரை இருக்கிறான். நாளைக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது, அங்கே யாரும் நாளையைப் பற்றிப் பேசுவதில்லை என்கிறான். விமலா கெமாஸுக்குப் போகவில்லை. அம்முவின் துணிகள் மட்டும் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன.

அம்முவுக்கு இப்போது இரண்டு பல் முளைத்திருக்கிறது. நெற்றியில் இன்னும் எண்ணெய் படவில்லை.

வேடிக்கைக் கதையை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை. ஆனால் அது காணாமல் போகவும் விடமாட்டேன். அம்மு வளர்ந்த பிறகு அவளிடம் நான்தான் சொல்வேன், சிரிக்காமல்.

போன சனிக்கிழமை தம்பியைப் பார்க்கப் போனேன். இந்த அத்தியாயத்தை எடுத்துப் போயிருந்தேன். சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டான். அன்று அவனுக்குச் சமையல் முறை. ஒரே ஓர் இடத்தில் குறுக்கிட்டான்.

“அது ரம்புத்தான் இல்ல அக்கா. மங்குஸ்தான். படிச்சவளுக்கு மரம் தெரியல.”

சரிபார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. தப்பாக எழுதியதை அப்படியே விட்டிருக்கிறேன், அவன் திருத்தியதும் இதில் இருக்கட்டும் என்று.

படித்து முடித்ததும், “போடட்டுமா?” என்று கேட்டேன். “வேணாம்னா சொல்லு. வேற எழுதிக்கிறேன்.”

அவன் பூண்டுத் தோலை உள்ளங்கையில் சேர்த்து ஊதினான். அது பறந்து மேசை முழுக்க விழுந்தது. கொஞ்ச நேரம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

“பேரு போடாத லா. அம்மு பெரியவளாயி படிப்பா.”

“சரி.”

“ஆனா என்னய வுட்டுடாத அக்கா.”